நியூயார்க்கில் 1800ஆம் ஆண்டு அதிபர் தேர்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க வரலாற்றைத் தமிழில் பாடம் நடத்தும் எனக்கு, 1800ஆம் ஆண்டுத் தேர்தலுக்கு வரும்போதெல்லாம் ஏறத்தாழ ஒரே மாதிரியான சந்தேகங்கள் வந்து சேர்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை நியூயார்க் மாநிலத்தைப் பற்றியவை. ஜான் ஆடம்ஸ் பதவி இழந்து தாமஸ் ஜெஃபர்சன் அதிபரானதில் அந்த மாநிலத்தின் பங்கு பெரிது. அது நடந்த விதமோ இன்று படிப்பவருக்குத் தலைசுற்ற வைப்பது. கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளை வைத்து, முன்பே சொன்னதைத் திரும்பச் சொல்லாமல் கீழே தொகுத்திருக்கிறேன்.

நியூயார்க்கில் ஜெஃபர்சனுக்கு எத்தனை பேர் ஓட்டுப் போட்டார்கள்? எங்கே தேடினாலும் எண்ணிக்கை கிடைக்கவில்லையே?

கிடைக்காது, ஏனெனில் அப்படி ஓர் எண்ணிக்கையே இல்லை. 1800இல் நியூயார்க் மாநிலத்தின் பொதுமக்களில் ஒருவர்கூட ஜெஃபர்சனுக்கோ ஆடம்ஸுக்கோ வாக்களிக்கவில்லை. அவர்கள் வாக்களித்தது தங்கள் மாநிலச் சட்டமன்றத்துக்கு. அந்தச் சட்டமன்றம் 12 தேர்வாளர்களை நியமித்தது. அந்த 12 பேர்தாம் அதிபர் பதவிக்கு வாக்களித்தார்கள். ஆகவே அட்டவணைகளில் நியூயார்க்குக்கு நேரே 12 என்ற எண் மட்டும் இருக்கும். மக்கள் வாக்கு என்ற கட்டம் வெறுமையாக இருக்கும். அதை அச்சுப்பிழை என்று நினைத்துக்கொண்டு என்னிடம் வந்த மாணவர்கள் பலர்.

தேர்வாளர் என்பவர் யார்? 12 என்ற கணக்கு எங்கிருந்து வந்தது?

அமெரிக்க அரசமைப்பின்படி அதிபரைத் தேர்ந்தெடுக்கும் வாக்கு தேர்வாளர்களின் கையில் இருக்கிறது. ஒரு மாநிலத்துக்கு நாடாளுமன்றக் கீழவையில் எத்தனை உறுப்பினர்களோ, அத்துடன் செனட் உறுப்பினர்கள் இருவரையும் சேர்த்தால் வரும் தொகையே அம்மாநிலத் தேர்வாளர்களின் எண்ணிக்கை. அப்போது நியூயார்க்குக்குக் கீழவையில் 10 இடங்கள். இரண்டைக் கூட்டினால் 12.

அக்கால விதியில் இன்னொரு நுட்பம் உண்டு. ஒவ்வொரு தேர்வாளரும் இரண்டு வாக்குகள் அளிக்க வேண்டும். ஆனால் அதிபருக்கு ஒன்று, துணை அதிபருக்கு ஒன்று என்று பிரித்துக் குறிப்பிட முடியாது. இந்த நுட்பம் என்ன செய்தது என்பது கடைசிக் கேள்விகளில் வரும்.

சட்டமன்றமே தேர்வாளர்களை நியமித்துக்கொள்ளலாம் என்று யார் அனுமதித்தது? இது முறைகேடு இல்லையா?

முறைகேடு இல்லை. ஒவ்வொரு மாநிலமும் தன் சட்டமன்றம் வகுக்கும் முறையில் தேர்வாளர்களை நியமித்துக்கொள்ளலாம் என்று அரசமைப்பின் இரண்டாம் பிரிவே சொல்கிறது. மக்களிடம் விடுவதும், தொகுதி தொகுதியாகப் பிரிப்பதும், தானே நியமிப்பதும் சட்டமன்றத்தின் விருப்பம். 1800இல் இருந்த 16 மாநிலங்களில் 5 மட்டுமே மக்கள் வாக்கால் தேர்வாளர்களைத் தேர்ந்தெடுத்தன. விதி சரியாக இருந்தது. அதை ஒவ்வொரு கட்சியும் தனக்கு வசதியாகத் திருப்பிக்கொள்ள இடமும் இருந்தது.

அந்தச் சட்டமன்றத் தேர்தலிலாவது எல்லோருக்கும் ஓட்டு இருந்ததா?

இல்லை. 1777ஆம் ஆண்டு நியூயார்க் அரசமைப்பு, வயது வந்த ஆண்களுக்கு மட்டும், அதுவும் சொத்தின் அளவைப் பார்த்து வாக்குரிமை கொடுத்தது. சட்டமன்றத்தின் கீழவையான பேரவைக்கு வாக்களிக்க 20 பவுண்டு மதிப்புள்ள சொந்த நிலம் இருக்க வேண்டும்; இல்லையென்றால் ஆண்டுக்கு 40 ஷில்லிங் வாடகை பெறும் இடத்தில் குடியிருந்து வரி கட்டியிருக்க வேண்டும். மாநில செனட்டுக்கும் ஆளுநருக்கும் வாக்களிக்க 100 பவுண்டு மதிப்புள்ள நிலம் வேண்டும். நிற அடிப்படையிலான தடை அந்த அரசமைப்பில் இல்லை. சொத்துத் தகுதி உள்ள சுதந்திரக் கறுப்பின ஆண்கள் வாக்களிக்க முடிந்தது. 1821ஆம் ஆண்டு அரசமைப்புதான் கறுப்பினத்தவருக்கு மட்டும் 250 டாலர் சொத்து என்ற தனிச் சுவரை எழுப்பியது.

வாடகைக் குடியிருப்போர் பேரவைக்கு வாக்களிக்கலாம், செனட்டுக்கு முடியாது என்ற இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நகரத்தில் நிலம் இல்லாத கைவினைஞர்களும் வண்டிக்காரர்களும் அதிகம். மாநில ஆட்சியில் அவர்களுக்குக் குரல் இருந்த ஒரே இடம் பேரவைத் தேர்தல்.

ஜெஃபர்சனின் ரிபப்ளிகன் கட்சிதான் இன்றைய ரிபப்ளிகன் கட்சியா?

இல்லை. பெயர் மட்டுமே ஒன்று. இன்றைய கட்சி 1854இல் தோன்றியது. 1800இல் ஒருபுறம் அதிபர் ஆடம்ஸ், முன்னாள் நிதிச் செயலர் அலெக்சாண்டர் ஹாமில்டன், நியூயார்க் ஆளுநர் ஜான் ஜே ஆகியோரின் ஃபெடரலிஸ்ட் கட்சி. மறுபுறம் ஜெஃபர்சன், மாடிசன் தரப்பு. பிந்தையவர்கள் தம்மை ரிபப்ளிகன்கள் என்றே அழைத்துக்கொண்டார்கள். இந்தப் பக்கத்தில் அச்சொல் அவர்களையே குறிக்கும்.

16 மாநிலங்கள் இருக்க, நியூயார்க்குக்கு மட்டும் ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

1796ஆம் ஆண்டுத் தேர்தலில் ஆடம்ஸுக்கு 71, ஜெஃபர்சனுக்கு 68. நியூயார்க்கின் 12 வாக்குகளும் அப்போது ஆடம்ஸுக்குப் போயிருந்தன. மூன்று வாக்கு வித்தியாசத்தில் வென்றவரிடமிருந்து 12 வாக்குகள் கைமாறினால் என்ன ஆகும் என்பதை இரு தரப்பும் அறிந்தே இருந்தன. தெற்கு ஜெஃபர்சன் பக்கம், வடகிழக்கு மாநிலங்களான நியூ இங்கிலாந்து ஆடம்ஸ் பக்கம்; இடையில் எப்பக்கமும் சாயக்கூடிய பெரிய மாநிலங்களில் ஒன்று நியூயார்க்.

நியூயார்க் மாநிலத்தின் முடிவை ஒரே ஒரு நகரம் தீர்மானித்தது என்கிறார்களே, அது எப்படி?

தேர்வாளர்கள் யார் என்பதில் பேரவையும் மாநில செனட்டும் உடன்படாவிட்டால், இரு அவைகளும் கூடி வாக்களித்து முடிவு செய்யும். ஆகவே இரு அவைகளையும் சேர்த்த தலைக்கணக்கில் யாருக்குப் பெரும்பான்மையோ அவருக்கே 12 இடங்களும். மாநிலத்தின் மற்ற பகுதிகளில் கட்சிகள் ஏறத்தாழச் சமமாக நின்றதால், நியூயார்க் நகரத்தின் 13 பேரவை இடங்கள் தராசு முள்ளாக அமைந்தன. அந்த 13 இடங்களும் வார்டு வாரியாகப் பிரிக்கப்படவில்லை; நகரம் முழுவதும் ஒரே பட்டியலுக்கு வாக்களித்தது. சிறிய முன்னிலை கிடைத்தாலும் 13ஐயும் அள்ளிக்கொண்டு போகலாம். மாநிலத்தின் முடிவு நகரத் தேர்தலையே பொறுத்தது என்று ஜெஃபர்சன் 1800 மார்ச்சிலேயே மாடிசனுக்கு எழுதினார்.

இதை எல்லோரையும்விடத் தெளிவாகக் கண்டவர் நியூயார்க் ரிபப்ளிகன் தலைவர் ஆரன் பர். ஹாமில்டன் தம் கட்சியின் பட்டியலை வெளியிடும் வரை அவர் காத்திருந்தார். ஹாமில்டனின் பட்டியலில் பெரும்பாலும் நகருக்கு வெளியே பெயர் தெரியாதவர்கள். அதன் பிறகு பர் தம் பட்டியலை வெளியிட்டார்: பல முறை ஆளுநராக இருந்த ஜார்ஜ் கிளின்டன், 1777இல் சாரடோகாவில் பிரிட்டிஷ் படையைச் சரணடையச் செய்த ஜெனரல் ஹொரேஷியோ கேட்ஸ், முன்னாள் அஞ்சல் துறைத் தலைவர் சாமுவேல் ஆஸ்குட், செல்வாக்குமிக்க லிவிங்ஸ்டன் குடும்பத்தைச் சேர்ந்த பிராக்ஹோல்ஸ்ட் லிவிங்ஸ்டன். ஒரு மாநிலப் பேரவையின் சாதாரண இடத்துக்கு இத்தனை பெரிய மனிதர்கள் நிற்பது வழக்கமே இல்லை. கிளின்டனைச் சம்மதிக்க வைப்பதுதான் கடினமாக இருந்தது. பெயரைப் போட்டால் மறுத்து அறிக்கை விடமாட்டேன் என்ற அளவுக்கே அவர் இறங்கிவந்தார். பர் அந்தப் பட்டியலில் இல்லை. அவர் ஆரஞ்சு கவுண்டியிலிருந்து பேரவைக்கு நின்று வென்றார்.

பர் தண்ணீர்க் கம்பெனி என்ற பெயரில் வங்கி தொடங்கினார் என்று படித்தேன். அதற்கும் இந்தத் தேர்தலுக்கும் என்ன தொடர்பு?

நேரடித் தொடர்பு உண்டு. 1798இல் நியூயார்க் நகரத்தில் மஞ்சள் காய்ச்சல் பரவிப் பலர் மாண்டார்கள். நல்ல குடிநீர் இல்லாததே காரணம் என்று பலரும் நம்பினார்கள். 1799இல் நகருக்குத் தண்ணீர் வழங்க மன்ஹாட்டன் கம்பெனி என்ற நிறுவனத்துக்கு பர் சட்டமன்றத்தில் அனுமதி பெற்றுத் தந்தார். முதலீடு 20 லட்சம் டாலர் வரை. குடிநீருக்குச் செலவானது போக மிஞ்சும் பணத்தைச் சட்டத்துக்கு உட்பட்ட வேறு தொழில்களில் ஈடுபடுத்தலாம் என்று ஓர் உட்பிரிவை அதில் சேர்த்திருந்தார். அந்த ஒரு வரியிலிருந்து முளைத்ததே மன்ஹாட்டன் வங்கி. கம்பெனி, மரத்தண்டுகளைக் குடைந்து செய்த குழாய்களில் தண்ணீரும் விட்டது என்பதைச் சொல்லாவிட்டால் அநியாயம். ஆனால் அதன் உயிர் வங்கியில்தான் இருந்தது.

உடனடி விளைவு பர்ருக்குப் பாதகமாகவே அமைந்தது. 1799 ஏப்ரல் தேர்தலில் நகரத்து வாக்காளர்கள் சினந்து ரிபப்ளிகன்களைத் தோற்கடித்தார்கள். பர்ரும் தம் பேரவை இடத்தை இழந்தார். ஆனால் அதுவரை நகரத்தில் இருந்த இரண்டு வங்கிகளும் ஃபெடரலிஸ்ட் கைகளில் இருந்தவை. கடன் கொடுப்பவர் யாருக்கு வாக்களிக்கச் சொல்வார் என்ற அச்சம் சிறு வணிகர்களுக்கு இருந்த ஊரில், எதிர்த்தரப்புக்கும் ஒரு வங்கி வந்தது சாதாரணச் செய்தி இல்லை. ஓராண்டுக்குள் காற்று திசைமாறியதில் இதற்கும் ஒரு பங்கு உண்டு என்பதே என் கணிப்பு.

வாக்குப்பதிவு நாள்களில் உண்மையில் என்ன நடந்தது?

1800 ஏப்ரல் 29 முதல் மே 1 வரை மூன்று நாள்கள் வாக்குப்பதிவு. அதற்கு முன்பே பர் தம் வீட்டைக் கட்சி அலுவலகமாக்கிவிட்டார். அந்நாளைய வணிகர் ஒருவரின் நாட்குறிப்பின்படி, ஏறத்தாழ இரண்டு மாதங்கள் அந்த வீட்டின் கதவு சாத்தப்படவே இல்லை. குழுக்கள் இரவும் பகலும் கூடின. மேசைமேல் எப்போதும் தின்பதற்கு ஏதேனும் இருந்தது. களைத்தவர்கள் சற்றே கண்ணயர அறைகளில் மெத்தைகள் விரிக்கப்பட்டிருந்தன. வாக்காளர்களின் பெயர்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொருவரின் சாய்வையும் குணத்தையும் எதிரே குறித்துக்கொண்டு, யாரை யார் போய்ப் பார்க்க வேண்டும் என்று ஆள் பிரித்தார்கள்.

வாக்குப்பதிவு நாள்களில் ஹாமில்டன் குதிரையில் ஏறி வார்டு வார்டாகச் சென்று பேசினார், பர்ரும் அவ்வாறே. கூட்டத்தின் நடுவே நின்று வாக்குக் கேட்பது கனவான்களுக்கு அழகில்லை என்று கருதப்பட்ட காலம் அது. அதனால் இருவரும் தெருவில் இறங்கியதே ஊருக்கு வேடிக்கையாக இருந்தது. பர்ரின் வலக்கரமான மாத்யூ டேவிஸ், மே 1 அன்று ரிபப்ளிகன் நாடாளுமன்ற உறுப்பினர் ஆல்பர்ட் கலட்டினுக்கு அவசரமாகக் கிறுக்கிய கடிதத்தில், பர் ஏழாம் வார்டு வாக்குச்சாவடியில் இடைவிடாமல் பத்து மணி நேரம் நின்றதைச் சொல்லிவிட்டு, தாம் பதினைந்து மணி நேரமாக எதுவும் சாப்பிடவில்லை என்றும் சேர்த்துக்கொள்கிறார். ஏழாம் வார்டு உழைப்பாளிகளும் வாடகைக்காரர்களும் நிறைந்த பகுதி. நான்காம் கேள்வியில் சொன்ன 40 ஷில்லிங் விதியின் பொருள் அங்கேதான் விளங்கும். எண்ணி முடித்தபோது 13 இடங்களும் ரிபப்ளிகன்களுக்கு.

தோற்ற பிறகு ஹாமில்டன் முடிவையே மாற்றப் பார்த்தாராமே? கட்டுக்கதையா?

கட்டுக்கதை இல்லை, கடிதம் இருக்கிறது. 1800 மே 7 அன்று ஹாமில்டன் ஆளுநர் ஜான் ஜேவுக்கு எழுதினார். புதிய சட்டமன்றம் பதவியேற்க இன்னும் சில வாரங்கள் இருந்தன. பழைய சட்டமன்றத்தில் ஃபெடரலிஸ்ட்களுக்கே பெரும்பான்மை. ஆகவே அந்தப் பழைய சட்டமன்றத்தை உடனே கூட்டி, தேர்வாளர்களைத் தொகுதிவாரியாக மக்களே தேர்ந்தெடுக்கும்படி சட்டத்தை மாற்றிவிட வேண்டும் என்பது அவர் யோசனை. நாம் வாழும் இத்தகைய காலத்தில் அளவுக்கு மீறி நெறி பார்த்துக்கொண்டிருப்பது உதவாது என்றும், மதத்தில் நாத்திகரும் அரசியலில் வெறியருமான ஒருவர் நாட்டின் சுக்கானைப் பிடித்துவிடாமல் தடுக்க வேண்டும் என்றும் வாதிட்டார். ஹாமில்டனின் மாமனார் பிலிப் ஸ்கைலரும் இதே வேண்டுகோளுடன் அதே நாளில் ஜேவுக்கு எழுதினார்.

ஜே ஃபெடரலிஸ்ட் தலைவர்களில் ஒருவர்; ஹாமில்டனின் நெடுநாள் நண்பர். ஆனாலும் சட்டமன்றத்தைக் கூட்டவில்லை. அந்தக் கடிதத்தின் மேலேயே ஒரு குறிப்பு எழுதி வைத்துவிட்டார்: கட்சி நலனுக்காக முன்வைக்கப்படும் நடவடிக்கை, இதை ஏற்பது எனக்கு அழகாகாது என்று கருதுகிறேன். 1800ஆம் ஆண்டுத் தேர்தலைப் பற்றிய காகிதங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இந்த ஒற்றை வரிதான். மேடையில் ஒரு சொல் பேசாமல், ஊருக்கு அறிவிக்காமல், கோப்பில் செருகி வைக்கப்பட்ட மறுப்பு அது.

தொகுதிவாரியாக மக்கள் வாக்களிப்பது நல்ல யோசனைதானே? ஹாமில்டனை ஏன் குறை சொல்ல வேண்டும்?

நியாயமான கேள்வி, முறையைத் தனியாக எடுத்துப் பார்த்தால் அது அப்போதிருந்ததைவிட மேலானதே. சிக்கல் காலத்தில் இருக்கிறது. அதே ஆண்டின் தொடக்கத்தில் நியூயார்க் பேரவையில் தொகுதிவாரித் தேர்வைக் கோரியவர்கள் ரிபப்ளிகன்கள்; சட்டமன்றம் தம் கையில் இருக்கும் என்று நம்பிய ஃபெடரலிஸ்ட்கள் அதைத் தோற்கடித்தார்கள். மார்ச்சில் வேண்டாம் என்று தள்ளியதை மே மாதத்தில், அதுவும் தோற்ற பிறகு, பழைய உறுப்பினர்களை வைத்து நிறைவேற்றுங்கள் என்றால் அதை எப்படிச் சீர்திருத்தம் என்று அழைப்பது?

ரிபப்ளிகன்களைப் புனிதர்களாக்கவும் வேண்டாம். ஜெஃபர்சனின் சொந்த மாநிலமான வர்ஜீனியா, ஓரிரு வாக்குகள்கூட ஆடம்ஸுக்குச் சிந்திவிடக் கூடாது என்பதற்காகத் தொகுதிமுறையைக் கைவிட்டு, மாநிலம் முழுவதற்கும் ஒரே பட்டியல் என்ற முறைக்கு 1800இல் மாறியது. மாசசூசெட்ஸ் தன் பங்குக்கு ஆடம்ஸுக்கு உதவ, நியமனத்தைச் சட்டமன்றத்துக்கே எடுத்துக்கொண்டது.

மே மாதத்திலேயே முடிவு தெரிந்துவிட்டது என்றால் நவம்பரில் என்ன நடந்தது?

சடங்குதான் நடந்தது. தேர்வாளர்களை டிசம்பர் முதல் புதன்கிழமைக்கு முந்தைய 34 நாள்களுக்குள் நியமிக்க வேண்டும் என்று 1792ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டம் சொன்னதால், புதிய சட்டமன்றம் நவம்பரில் ஆல்பனியில் கூடி 12 ரிபப்ளிகன்களை நியமித்தது. டிசம்பர் 3 அன்று அவர்கள் ஒவ்வொருவரும் ஜெஃபர்சனுக்கு ஒன்று, பர்ருக்கு ஒன்று என வாக்களித்தார்கள்.

மெய்யான அதிர்ச்சி மே மாதமே தலைநகர் பிலடெல்ஃபியாவைத் தாக்கிவிட்டது. நியூயார்க் செய்தி வந்த சில நாள்களுக்குள் ரிபப்ளிகன் நாடாளுமன்ற உறுப்பினர்கள் பர்ரைத் துணை அதிபர் வேட்பாளராக்கினார்கள். அவர் உழைப்புக்குக் கூலி அது. ஆடம்ஸோ தம் அமைச்சரவையில் இருந்த ஹாமில்டன் ஆதரவாளர்கள்மேல் பாய்ந்தார். போர்த்துறைச் செயலர் மெக்ஹென்றி பதவி விலக நேர்ந்தது. வெளியுறவுச் செயலர் பிக்கரிங் மே 12 அன்று நீக்கப்பட்டார்.

நியூயார்க் ஆடம்ஸ் பக்கமே இருந்திருந்தால் அவர் வென்றிருப்பாரா?

மற்ற மாநிலங்கள் அப்படியே இருந்தன என்று வைத்துக்கொண்டால், ஆம். இறுதிக் கணக்கு ஜெஃபர்சன் 73, ஆடம்ஸ் 65. மொத்தத் தேர்வாளர்கள் 138. பெரும்பான்மைக்கு 70 வேண்டும். நியூயார்க்கின் 12ஐ மாற்றிப் போட்டால் ஆடம்ஸ் 77, ஜெஃபர்சன் 61. ஹாமில்டன் கேட்ட தொகுதிமுறையில் ஆடம்ஸுக்கு ஐந்து தொகுதிகள் மட்டும் கிடைத்திருந்தாலும் 70க்கு 68 என்று அவரே அதிபர். நான்கு கிடைத்திருந்தால் 69க்கு 69. ஜே அந்தக் கடிதத்தை ஒதுக்கிவைத்தபோது தம் கட்சி இழக்கக்கூடியது எவ்வளவு என்பதை இந்த எண்கள் காட்டும்.

ஆனால் நியூயார்க் மட்டுமே எல்லாவற்றையும் தீர்மானித்தது என்று எழுதுவோருடன் நான் உடன்படமாட்டேன். பென்சில்வேனியாவில் இரு அவைகளும் முரண்டுபிடித்து 8க்கு 7 என்று பங்கிட்டுக்கொண்டன. தென் கரோலினாவின் 8 வாக்குகள் டிசம்பரில்தான் உறுதியாயின. அடிமைகளின் எண்ணிக்கையில் ஐந்தில் மூன்று பங்கைச் சேர்த்துத் தென் மாநிலங்களுக்கு இடங்கள் ஒதுக்கப்பட்டதால் ஜெஃபர்சனுக்குக் கிடைத்த கூடுதல் வாக்குகள் இல்லாமலும் இந்த 73 வந்திருக்காது.

ஜெஃபர்சனும் பர்ரும் ஒரே கட்சி; பிறகு எப்படி இருவருக்கும் சமமாக 73 வந்தது?

இரண்டாம் கேள்வியில் சொன்ன நுட்பம்தான் காரணம். ஒவ்வொரு ரிபப்ளிகன் தேர்வாளரும், நியூயார்க்கின் 12 பேர் உட்பட, இருவருக்கும் ஒவ்வொரு வாக்கு அளித்தார்கள். யாரேனும் ஒருவர் பர்ருக்குத் தராமல் விட்டிருக்க வேண்டும், எவரும் விடவில்லை. ஃபெடரலிஸ்ட்கள் இதில் கவனமாக இருந்தார்கள்: ரோட் ஐலண்டுத் தேர்வாளர் ஒருவர் தம் இரண்டாம் வாக்கை ஜான் ஜேவுக்கு அளித்தார், ஆடம்ஸுக்கு 65, அவருடைய துணை அதிபர் வேட்பாளர் பின்க்னிக்கு 64 என்று முடிந்தது. சமநிலை நாடாளுமன்றக் கீழவைக்குப் போய், 1801 பிப்ரவரி 11 முதல் 17 வரை 36 சுற்று வாக்கெடுப்புக்குப் பிறகே ஜெஃபர்சன் வென்றார். இரு பதவிகளுக்கும் தனித்தனி வாக்கு என்ற 12ஆம் திருத்தம் 1804இல் வந்தது.

முதல் அதிபர் தேர்தலில் நியூயார்க் ஓட்டே போடவில்லை என்பது உண்மையா?

உண்மை. 1789இல் நியூயார்க்குக்கு 8 தேர்வாளர்கள் உரியவர்கள். பேரவை, புதிய கூட்டாட்சி அரசமைப்பை எதிர்த்தவர்கள் கையில். மாநில செனட் ஃபெடரலிஸ்ட் கையில். இரு அவைகளும் கூடி வாக்களிக்க வேண்டும் என்றது உறுப்பினர் அதிகமுள்ள பேரவை. தனித்தனியே கூடிச் சம உரிமையுடன் முடிவெடுக்க வேண்டும் என்றது செனட். சண்டை முடிவதற்குள் நாள் கடந்துவிட்டது. அரசமைப்பை ஏற்றுக்கொண்டும் தேர்வாளர்களை அனுப்பத் தவறிய ஒரே மாநிலம் அதுவாயிற்று. ஆனால் 1789 ஏப்ரல் 30 அன்று வாஷிங்டன் பதவியேற்றது நியூயார்க் நகரத்தின் வால் தெருவில். உறுதிமொழி செய்துவைத்தவரும் அந்த மாநிலத்தின் உயர்நீதிபதியான ராபர்ட் லிவிங்ஸ்டனே.

நியூயார்க் மக்கள் நேரடியாகத் தேர்வாளர்களுக்கு வாக்களித்தது எப்போது?

1828இல். 1824 வரை சட்டமன்றமே நியமித்து வந்தது. அந்த ஆண்டு 36 வாக்குகளும் நான்கு வேட்பாளர்களுக்குச் சிதறின. 1828இல் 34 பேர் தொகுதிவாரியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, அவர்கள் மேலும் இருவரைச் சேர்த்துக்கொண்டார்கள்; முடிவு ஜான் குவின்சி ஆடம்ஸுக்கு 20, ஆண்ட்ரூ ஜாக்சனுக்கு 16. 1800 மார்ச்சில் ரிபப்ளிகன்கள் கேட்டு ஃபெடரலிஸ்ட்கள் மறுத்த, மே மாதத்தில் ஹாமில்டன் கேட்டு ஜே மறுத்த அந்தத் தொகுதிமுறை நியூயார்க்கில் நடைமுறைக்கு வந்தது அந்த ஒரே ஒரு முறைதான். 1832ஆம் ஆண்டுத் தேர்தலுக்குள் மாநிலம் முழுவதற்கும் ஒரே பட்டியல் என்று மாற்றிவிட்டார்கள். அத்தேர்தலில் 42 வாக்குகளும் ஜாக்சனுக்குப் போயின.